அரிவாள்மணை ஆயுதம் அல்ல

ஜூன் 1, ஞாயிறு

மூன்றாம் மாடி ஷெரின் இன்று எங்களை ஒரு சாகசப் பயணத்துக்கு அழைத்தாள். பயணம் நடக்கும் இடம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நேரம் மதியம் மூன்று மணி. போண்டா உண்டு.

ஷெரின் பல் டாக்டர். நாகர்கோவில் பெண், வயது முப்பதுக்குள். வார நாட்களில் பல் பிடுங்குகிறாள், ஓய்வு நேரத்தில் விளையாட்டு எழுதுகிறாள். 'ஏழு கணவாய்' என்று பெயர் வைத்து, நாற்பது பக்கம் அச்சடித்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறாள். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் கதை சொல்லிக்கொண்டே போவாள். நடுவில் நிறுத்தி, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்பாள். நாம் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா என்பதை இரண்டு பகடைகள் முடிவு செய்யும். அவ்வளவுதான் விளையாட்டு.

நான், என் கணவர் குழந்தைவேல், இரண்டாம் மாடி முபாரக் பாய் ஆகிய மூவரும் அவளுடைய சோதனை எலிகள்.

முதல் வேலை வேடத்தைத் தேர்ந்தெடுத்து, என்னென்ன எடுத்துச் செல்கிறோம் என்று ஒரு தாளில் எழுதுவது. இவர் யோசிக்காமல் போர்வீரன் என்றார். போர்வீரன் பன்னிரண்டு பொருட்கள் சுமக்கலாம், எந்தத் தடையும் இல்லை. ஒருநாள் பழனிக்குப் போய்வரவே எமர்ஜென்சி லைட்டும் ஸ்பேனர் செட்டும் எடுத்துச் செல்கிற மனிதர். பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருப்பவருக்கு வேறு எப்படி இருக்க முடியும்? இரண்டே நிமிடத்தில் பன்னிரண்டையும் நிரப்பிவிட்டார். முபாரக் பாய்க்குக் கண்ணாடிக் கடை. அவர் திருடன் வேடம் கேட்டு வாங்கினார்.

"அம்பத்தஞ்சு வருஷம் நேர்மையா இருந்து பார்த்தாச்சு மேடம். அலுத்துப்போச்சு."

எனக்கு மிஞ்சியது மருத்துவச்சி. அவளுக்கு மட்டும் மூன்று தடைகள். வெட்டும் ஆயுதமோ குத்தும் ஆயுதமோ ஏந்தக் கூடாது. உலோகக் கவசம் அணியக் கூடாது. ஐந்து பொருட்களுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கிறேன். 'கூடாது' என்று எங்கே கண்டாலும் என் கை தானாகப் பென்சிலைத் தேடும். நான் கேட்ட கேள்விகளிலேயே இன்றைய பொழுது முடிந்தது. பயணம் தொடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் கொடுத்த கடிதம் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 2, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. தலைவலி.

ஜூன் 4, புதன்

ஷெரினிடம் விதிப் புத்தகத்தை இரவல் வாங்கி மதிய இடைவேளையில் படித்தேன். பதினேழு இடங்களில் பென்சில் குறி. பாவம், அவளுக்குப் பொருள்வரையறைப் பகுதி என்று ஒன்று வேண்டும் என்பதே தெரியவில்லை. 'ஆயுதம்' என்ற சொல் முப்பத்தொரு முறை வருகிறது. ஆயுதம் என்றால் என்ன என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பதவி உயர்வு. புவனேஸ்வர். மூன்று வருடம். சம்மதமா இல்லையா என்று 27-ம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன்னும் ஒன்று வந்தது. அப்போது மகள் பூவிழி எட்டாம் வகுப்பு. இவர், "போறயா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். ஒரு நிமிடத்தில் முடிந்த விஷயம். இப்போது பூவிழி கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இன்னொரு முறை மறுத்தால் இனி ஒன்று வரப்போவதில்லை. இதை ஒரு தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

காலையில் இவரே காப்பி போட்டுக்கொண்டார். டிகாக்‌ஷன் எவ்வளவு, பால் எவ்வளவு என்று கேட்டுக் கடைச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். என்ன ஆயிற்று இந்த மனிதருக்கு?

ஜூன் 8, ஞாயிறு

இன்று வெற்றி. முழுவதுமாக எழுதி வைக்க வேண்டும்.

எனக்கு அனுமதித்த ஐந்தில் மூன்றை முதலில் எழுதினேன்: மூலிகைப் பை, காயம் கட்டத் துணி, செம்பு. நான்காவதாக அரிவாள்மணை என்று எழுதியதும் ஷெரின் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, வெட்டுற ஆயுதம் கூடாது."

"வெட்டும். ஆனா ஆயுதம் இல்ல."

"பெரிய அருவா பதிச்சிருக்கே அக்கா அதுல!"

"கத்தி, வாள், கோடரி எல்லாத்துலயும் ஆயுதம் நகரும், எதிரி நிப்பான். அருவாமணை நகராது. நாம காலை மடக்கிப் பலகையில உக்காந்துக்குவோம். காய்தான் அதுகிட்ட வரும். வர்றது காயோட இஷ்டம்."

முபாரக் பாய்க்குப் போண்டா புரையேறியது.

"நான் எழுதினப்போ ஆயுதம்னா கூரா இருக்கிற எல்லாமும்னுதான் நினைச்சேன்."

"எழுதினவங்க என்ன நினைச்சாங்கங்கறது செல்லாது ஷெரின். என்ன எழுதியிருக்காங்கங்கறதுதான் செல்லும். விலக்குப் பட்டியல்ல இல்லாதது எல்லாம் அனுமதி. சந்தேகம் வந்தா பலன் எழுதாத தரப்புக்கு. எங்க ஆபீஸ்ல இதை வெச்சுத்தான் பாதிக் கேஸ்ல நாங்க தோக்கறோம்."

"எழுதினவ நான் அக்கா. உயிரோட உங்க முன்னாடி உக்காந்திருக்கேன்!"

"அதுதான் சங்கடம்," என்றேன்.

இவர் குறுக்கே வந்தார். "விட்டுரு டாக்டரம்மா. இருபத்திமூணு வருசமா ஜெயிக்கப் பாக்கறேன். ஒரு தேங்கா சில்லுகூடக் கிடைச்சதில்ல."

ஷெரின் லேசுப்பட்டவள் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தீர்ப்பு எழுதினாள்: மருத்துவச்சி அரிவாள்மணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் தூக்கி யார்மேலும் வீசக் கூடாது, ஓங்கக் கூடாது. உட்கார்ந்து காய் நறுக்க மட்டுமே உரிமை. தானாக வந்து விழுவதற்கு மருத்துவச்சி பொறுப்பல்ல.

நல்ல தீர்ப்பு. இந்தப் பெண்ணை எங்கள் சட்டப் பிரிவில் போடலாம்.

இன்றும் பயணம் தொடங்கவில்லை.

ஜூன் 11, புதன்

ஆபீஸிலிருந்து வர ஏழு மணியாகிவிட்டது. இவர் ரசம் வைத்து, சாதம் வடித்து, அப்பளம் சுட்டு வைத்திருந்தார். "சும்மா வெச்சுப் பாத்தேன்," என்றார்.

ரசம் நன்றாக இருந்தது. ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டிருக்கிறார், அதை மட்டும் சொன்னேன். மற்றபடி நன்றாகத்தான் இருந்தது. இதில் எரிச்சல்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் பட்டேன். பாத்திரம் கழுவும்போது குழாயைத் தேவையில்லாமல் வேகமாகத் திறந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

எங்கள் பிரிவு ஸ்டெல்லா மேடம் ஆபீஸ் லிஃப்டில், "முடிவு பண்ணிட்டயா வசுமதி?" என்றார். "எதை?" என்றேன். நான்கு மாடி முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

ஐந்தாவது பொருள், அஞ்சறைப்பெட்டி. ஷெரின் ஏழு கிண்ணங்களையும் ஏழு பொருட்களாக எண்ணினாள். நான் 'செட்' என்றேன். ஒரே மூடிக்குக் கீழ் வருவது ஒன்று. சம்மதித்தாள். கடுகை ஓரிடத்திலும் சீரகத்தை ஓரிடத்திலும் விட்டுவிட்டு வரக்கூடியவள் சமையல் தெரியாதவளாகத்தான் இருப்பாள் என்று நான் சொன்ன வாதம்தான் பலித்தது.

அடுத்தது இட்லிச் சட்டி. அதன் மூடியைத் தலையில் வைத்துக்கொண்டால் உலோகக் கவசத் தடை பொருந்துமா? இங்கே அவள் என்னைப் பிடித்துவிட்டாள்.

"அடுப்புல இருந்தா மூடி. தலையில இருந்தா கவசம். போன வாரம் நீங்க சொன்ன அதே நியாயம்தான் அக்கா. எப்படிப் பயன்படுத்துறோமோ அதுதான் அது."

தோற்றேன். நியாயமான தோல்வி. ஆனால் சட்டியை விட மனம் வரவில்லை. ஆறாவது பொருள் வேறு.

"என்ற மூட்டையில போடு," என்றார் இவர். "போர்வீரன் இட்லிச் சட்டி தூக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்குது?"

புத்தகத்தைப் புரட்டினோம். எங்கேயும் இல்லை. தன் பட்டியலில் இருந்த ஈட்டியை அடித்துவிட்டு இட்லிச் சட்டி என்று எழுதிக்கொண்டார்.

நான் குடையைப் பற்றி ஆரம்பித்தேன். முபாரக் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம் மூட்டை கட்டிக்கிட்டே இருக்காங்க. நான் திருடறதுக்குள்ள அந்த ஊர்ல எல்லாரும் சொத்தை வித்துட்டுப் போயிருவாங்க."

எல்லோரும் சிரித்தோம். ஷெரின் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று ஞாயிறுகளாகக் கதை அவள் தொண்டையிலேயே நிற்கிறது.

"அக்கா, இதுவரைக்கும் இருபத்தேழு சாமானைப் பத்திக் கேட்டுட்டீங்க. எங்க போறோம்னு ஒரு தடவைகூடக் கேக்கல."

பென்சிலைக் கீழே வைத்தேன்.

"எங்க?" என்று இவர்தான் கேட்டார்.

"ஏழாவது கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. ஊர் முழுக்கக் காய்ச்சல். அங்க மருத்துவச்சி கிடையாது. அதுதான் கதையே. அடுத்த ஞாயிறு மூணு மணிக்குக் கிளம்புறோம். அக்கா வரலைன்னா இவங்க ரெண்டு பேரும் போய் அங்க சும்மா நிப்பாங்க."

குடையை விட்டுவிட்டேன்.

ஜூன் 18, புதன்

இரவுச் செய்தியில் வானிலை. புவனேஸ்வரில் மழை என்றார்கள். செய்தியைக் காதில் வாங்காமல் கடைச் சீட்டுகளை அடுக்குகிறவர், தலை நிமிர்ந்து, "அங்கயும் மழைதானாட்ட இருக்குது," என்றார். எங்கே மழை பெய்தால் இவருக்கென்ன?

வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான் என்று கேட்டார். காட்டினேன். அதையும் குறித்துக்கொண்டார். ஐம்பது வயதில் ஆண்களுக்கு இப்படி ஏதாவது வரும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன்.

மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் புவனேஸ்வர் கிளை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். வேறு ஒன்றைத் தேடும்போது அது வந்தது. பக்கத்தில் ஒரு ஏரி இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

கிளம்பிவிட்டோம்!

மூன்று மணிக்குச் சரியாக ஷெரின் ஆரம்பித்தாள். நல்ல குரல் அவளுக்கு. பல் பிடுங்கும்போதும் இப்படிப் பேசினால் வலியே தெரியாது. முதல் கணவாயைச் சிரமமில்லாமல் கடந்தோம். இரண்டாவதில் சதுப்பு நிலம்.

சுமை அதிகமானவர்கள் புதைவார்கள் என்றாள். முபாரக் பாய் ஏழு பொருட்களோடு முழங்கால்வரை இறங்கிச் சமாளித்தார். ஐந்து பொருட்களோடு நான் கணுக்கால் மட்டும் நனைந்து அக்கரை சேர்ந்தேன். மூன்று வாரமாக எந்தத் தடையோடு சண்டை போட்டேனோ அதுதான் என்னைக் கரை சேர்த்தது. போர்வீரன் மார்புவரை போய்விட்டார்.

"ஒவ்வொண்ணா தூக்கிப் போட்டா மேல வரலாம் அண்ணா," என்றாள் ஷெரின். "எதைப் போடறீங்க?"

இவர் தாளைப் பார்த்து வரிசையாக அடித்தார். வாள். கேடயம். கோடரி. கயிறு. கூடாரம். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம். இட்லிச் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையேறினார்.

"ஏன் சார்," என்றார் பாய், "வாளை விட்டுப்போட்டு இட்லிச் சட்டியா?"

"வாளு வேற வாங்கிக்கலாம். இது அவ கேட்டு எடுத்துட்டு வந்தது."

இதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

மூன்றாவது கணவாயில் ஒரு ராட்சத உடும்பு. குகையிலிருந்து பாய்ந்து வருகிறது. போர்வீரனிடம் ஆயுதம் இல்லை. திருடன் ஏற்கெனவே மரத்தில். ஷெரின் கண்ணில் ஒரு பளபளப்பு. "மருத்துவச்சி, என்ன செய்யப் போறீங்க?"

"குகை வாசல்ல அருவாமணையைப் போட்டு உக்காந்து, புடலங்காய் நறுக்கறேன்."

"உடும்பு உங்களை நோக்கி ஓடி வருது."

"வரட்டும். நான் புடலங்காய்தான் நறுக்கறேன்."

"அக்கா, ஓடுங்க!"

"எதுக்கு ஓடணும்? என் வேலையைப் பார்த்துட்டு என் இடத்துல உக்காந்திருக்கேன்."

உடும்பு தன் வேகத்தைக் கட்டுப்படுத்துமா என்பதற்கு ஷெரின் பகடை உருட்டினாள். எட்டுக்கு மேல் விழுந்தால் நிற்கும். ஒன்றும் ஒன்றும் விழுந்தது; உடும்பு தானாக வந்து அரிவாள்மணையில் விழுந்தது. மேசையைச் சுற்றி அப்படி ஒரு சத்தம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க," என்றார் இவர். "என்ற சம்சாரம் காய் நறுக்குது."

வருடக்கணக்காக நான் இப்படிச் சிரித்ததில்லை. படியிறங்கும்போது இவர், "பாத்தயா, கிளம்பினா எல்லாம் ஆகுது," என்றார். விளையாட்டைப் பற்றித்தான்.

ஜூன் 24, செவ்வாய்

மதியம் சாப்பிடாமல், கடிதத்தை எடுத்துவந்து பென்சிலோடு உட்கார்ந்தேன். இருபத்தைந்து நாட்களாக அதை ஒரு முறைதான் படித்திருக்கிறேன். மற்றவர்களின் தீ விபத்தை எட்டு முறை படிப்பவள் நான்.

கடிதத்தில் தடை என்று ஒன்றுகூட இல்லை. ஆகவே என் பக்கத்துத் தடைகளை எழுதி, ஆபீஸ் முறைப்படி பரிசீலித்தேன்.

கணவர் சாப்பாட்டுக்குச் சிரமப்படுவார். எதிர் ஆதாரம்: 11-ம் தேதி ரசம். நிராகரிக்கப்படுகிறது.

துணி துவைப்பது. எதிர் ஆதாரம்: 18-ம் தேதி. நிராகரிக்கப்படுகிறது.

நாற்பத்தாறு வயதில் தெரியாத ஊர், தெரியாத மொழி. ஆவணம் எதுவும் இணைக்கப்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது.

'போக வேண்டாம்' என்று அவர் சொல்வார். சம்பவம் இன்னும் நிகழவில்லை. நிகழாத சம்பவத்துக்கு இழப்பீடு இல்லை.

நான் இல்லாமலே அவர் நன்றாக இருந்துவிட்டால்?

இந்தக் கோரிக்கையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்டெல்லா மேடம் வந்தார், தாளை மடித்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

காலை பதினொன்றே காலுக்கு, சம்மதம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலாளர் கையில் கொடுத்தேன். பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டேன். சதுப்பில் கால் வைத்தது போல இருந்தது. கணுக்கால்வரைதான்.

சாயங்காலம் இவர் அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். "ஏனுங்க. எனக்குப் புவனேஸ்வருக்கு மாத்தலாகியிருக்கு. பதவி உயர்வு. மூணு வருஷம். போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

வெண்டைக்காயை நிறுத்தவில்லை. "குடுத்துட்டயா? இன்னைக்கே குடுத்துட்டயா? நாளைக்குத்தான கடைசி."

கடைசி நாளை நான் சொல்லவில்லை.

"உங்க ஸ்டெல்லா மேடம் மோட்டாருக்கு வாசர் வாங்கக் கடைக்கு வந்தாங்க. மாசம் பொறந்து ரெண்டாவது நாள். 'ட்ரீட் எப்பங்க'ன்னாங்க. நான் என்னத்தைக் கண்டேன்? 'சீக்கிரமுங்க'ன்னு சொல்லி வாசரைச் சும்மாவே குடுத்தேன்."

"தெரிஞ்சுமா ஒண்ணுமே கேக்கல?"

"போன தடவை கேட்டேனே. 'போறயா'ன்னு நான் கேட்டது உன்ற காதுல 'போகாதே'ன்னு விழுந்திருக்குது. அடுத்த நிமிசமே 'இல்லைங்க'ன்னுட்ட. ஆறு வருசமா அந்தக் கேள்வி எனக்கு உறுத்திட்டு இருக்குது. இந்த வாட்டி கேக்கறதாவே இல்லைன்னு ரசம் வெக்கப் பழகிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "வெண்டைக்காயை ஏன் இவ்வளவு பொடியா நறுக்கறீங்க?" என்றேன்.

"அருவாமணை ஆயுதமில்ல கண்ணு. காய்தான் வந்து விழுகுது. நானென்ன பண்ணட்டும்?"

ஜூன் 27, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் மடக்கு அரிவாள்மணை. புத்தம் புதியது. எப்போது வாங்கினார் என்று கேட்டால் சிரிக்கிறார்.

"கைப்பையில வெக்கக் கூடாது, பெரிய பெட்டியில வெச்சா விடுவாங்க. விமானக் கம்பெனி விதியை முழுசும் படிச்சுட்டேன். பதினஞ்சு கிலோதான் கொண்டு போலாம். இட்லிச் சட்டி ரெண்டரைக் கிலோ. எடை போட்டாச்சு."

ஷெரினிடம் சொன்னதும் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையோடு, "இன்னும் நாலு கணவாய் பாக்கி அக்கா. அங்க போனாலும் ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வீடியோவுல வரணும். சாமான் பட்டியல் மாத்த முடியாது," என்றாள். புத்தகத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருக்கிறாள். தலைப்பு: பொருள்வரையறை.

வீட்டில் தங்கப்போகிறவருக்கும் ஒரு வேடத் தாள் வேண்டாமா? எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

தடை ஒன்று: ரசத்தில் சர்க்கரை போடக் கூடாது. தடை இரண்டு: என் பட்டுப்புடவைகளை மெஷினில் போடக் கூடாது. தடை மூன்று: நான் திரும்பி வரும்வரை என்னைவிட நல்ல ரசம் வைக்கக் கூடாது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு என் மேசையிலிருந்து பென்சிலை எடுத்து மூன்றாவதின் கீழே கோடு போட்டார்.

"அப்ப, நீ திரும்பி வந்ததுக்கு அப்பறம் வெக்கலாம்?"